பெயரைச் சொன்னால்தான் குளிசை

இத்தாலியின் பலேர்மோ நகர ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு கிடந்தபோது, குளிசை தரும் தாதி ஒவ்வொரு முறையும் என் பெயரைக் கேட்பாள். தினமும் பார்க்கிறவள்தானே என்று ஒருநாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவளும் குளிசையைத் தரவில்லை.

வார்டு கூட்டுகிற நம் தமிழ்ப் பெண் ஓடி வந்தாள்.

“அன்ரி, பேரைச் சொல்லுங்கோ.”

“நேற்றும் சொன்னனான். விடியிறதுக்குள்ளை பேர் மாறிப்போச்சோ?”

“ஆள் மாறி மருந்து குடுத்திடக் கூடாதாம். பெரிய டொக்டர் அவசரப்படுத்தினாலும் கேக்காமல் குடுக்கமாட்டாவாம்.”

சொன்னேன். தாதி என் கைப்பட்டியில் எழுதியிருந்த பெயரோடு ஒத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

என் கணவர் இறந்தபிறகு இந்த ஊரில் என் பெயரைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அதே ஊரின் பிரான்காச்சோ பகுதியில் உள்ள என் வீட்டில் தனியே இருக்கிறேன். குளிசையைக் கையில் எடுத்ததும் என் பெயரை உரக்கச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் விழுங்குவேன்.