மருந்து முதலில், கத்தி பிறகு

என் நாக்கில் புற்று முற்றிவிட்டது. அறுப்பதற்கு முன்பே மருந்து ஏற்றப் போகிறார்களாம்.

காலையில் அரியலூர் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர், "அறுக்க பயந்துகிட்டு நாள கடத்துறாங்க, பெரியவரே" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நீட்டிய சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

"எதுக்கு மருந்துன்னு எழுதிக் குடுங்கம்மா."

"என்னய்யா, நம்பிக்கை இல்லையா?"

"இல்லீங்க."

சிரித்துக்கொண்டே எழுதினார்: "கட்டி சுருங்கினால் நாக்கைக் குறைவாக வெட்டலாம். சுருங்கும் என்று உறுதி இல்லை."

போன வருஷம் வரை கைநாட்டு வைத்தவன், எழுத்துக்கூட்டி நானே படித்தேன். என்ன சந்தோஷம்!

உறுதி இல்லை என்று எழுதினாரே, அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுதிய தாளை மடியில் முடிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அப்படிச் சொன்னவரிடமும் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மருந்து முதலில் ஏற்றினார்களா? எழுதுங்கள். மெதுவாகப் படிப்பேன், நம்புவது பிறகு.