கண்ணாடி ஏற்றிய கார்

ஏலகிரியில் நண்பரின் குடமிளகாய்ப் பண்ணைக்குப் போயிருந்தேன். வெளியே குளிர்காற்று. பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடிலின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அறைந்தது ஒரு சூடு. எனக்குத் தெரிந்த சூடு! காதர் பாய் காரின் சூடு!

ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். ஒரு தை மாதக் காலையில் என் ஷூவின் சோல் பிய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. அன்று மதியம் பள்ளியில் எனக்கு ஓட்டப்பந்தயம். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, சொல்யூஷன் பசையைத் தடவினாள்.

"இதுக்கு சூடு காட்டினாத்தான் புடிக்கும்டி. அடுப்புல காட்டினா பத்திக்கும்."

வாசலில் வெயில் அடித்தது. ஆனால் காற்று சூட்டை நிற்கவிடவில்லை. அம்மா எதிரே பார்த்தாள்.

"பாய், கார் சாவி குடுங்க!"

"எங்கம்மா போவணும்?"

"எங்கயும் இல்ல. ஷூவ உள்ள உக்கார வெக்கணும்."

முன்கண்ணாடிக்கு அடியில் ஷூவை வைத்து, கதவுக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினாள். "வெயிலு உள்ள வந்துடும், சூடு வெளிய போவாது."

நான் காரையே சுற்றிச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்தபோது பசையும் பழைய ரெக்ஸினும் கலந்த அனல் வீசியது. அம்மா இரண்டு கையாலும் அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது! பந்தயத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். ஷூ முழுசாக வந்தது.

குடிலுக்குள் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, இங்க காதர் பாய் காருக்குள்ள குடமிளகா காய்ச்சிருக்கு!"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கண்ணாடிய ஏத்தி வெச்சிருக்காங்களா பாரு."