அம்மா போட்ட செண்ட்

கடையில் என் மகள் ஒரு புதுச் செண்ட்டைத் தன் மணிக்கட்டில் தெளித்து என் மூக்கருகே நீட்டினாள். முதலில் மல்லி, அதன் பின்னால் சம்பங்கி, கடைசியில் லேசாகச் சந்தனம். எழுபதுகளில் நாங்கள் இருந்த காசிமேட்டு வீடு கண்முன் வந்துவிட்டது.

அப்பா கடலில் இறந்தபின் அம்மா மீன் விற்று என்னை வளர்த்தாள். தலையில் பூ வைப்பதையும் கல்யாண வீடுகளுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சிறுவயதிலேயே புருஷனை இழந்தவள். இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருமுறை அம்மாவுக்குச் செண்ட் பாட்டில் ஒன்று கொண்டுவந்தார். "பூவுதானே வெக்கக்கூடாது? இத்தப் போட்டுக்கோக்கா," என்றார்.

அம்மா அதைத் திறக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தன்று காலையில், கருவாட்டு வாடை அடிக்கும் எங்கள் வீட்டில் திடீரென்று மல்லி மணத்தது.

அத்தை உள்ளே வந்தாள். "யாருடி பூ வெச்சிக்கினு கீறது?"

நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தான் அண்ணி. பூ இல்ல, செண்ட்டு. கல்யாணத்துக்குப் போவப்போறேன்," என்றாள் அம்மா.

அத்தை அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்தாள். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு தன் கையை நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் போடு. ஒண்ணாவே போலாம்."

பந்தலின் முன்வரிசையில் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறியதும் எங்கள் வரிசையில் முதலில் அட்சதை தூவியது அத்தைதான்.