பொட்டு வைத்த படச்சுருள்

கோட்டையூர் வீட்டில் என் அக்காவின் கழுத்தில் தாலி ஏறும் திருப்பூட்டு நடந்தபோது, கூடியிருந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணால் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் பினாங்கிலிருந்து வந்த சினிமா மிஷின் இருந்தது. நான் ஆசைப்பட்டுக் கேட்ட வேலை இல்லை அது. வீட்டுப் பெண்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், மிஷினோடு வந்த சிறு புத்தகத்தையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படம் அப்பச்சிக்காக. எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம், அக்காவை ஆச்சி என்போம். அப்பச்சி பினாங்கில் கடை வைத்திருந்தார். அறுபதுகளின் கடைசி அது. அங்கே குடியுரிமை, அனுமதி என்று காகிதக் கெடுபிடி கூடிக்கொண்டே போனது. ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. கடை போனால் அதை நம்பியிருந்த சித்தப்பா குடும்பமும் சேர்ந்து போகும். அதனால் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பச்சி எங்களிடம் வந்தது பெரும்பாலும் ஏதாவது ஒரு மிஷினாகத்தான். முதலில் போட்டோ. கோட்டுப் போட்டுக்கொண்டு பூத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். அப்புறம் சாவி முறுக்கினால் பாடும் கிராமபோன் வந்தது. அப்புறம் மேசையை அடைத்துக்கொண்டு ஒரு ரேடியோ. முள்ளைத் திருகினால் கொழும்பு கேட்கும், திருச்சி கேட்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மணிக்கணக்கில் திருகித் திருகிப் பினாங்கைத் தேடியிருக்கிறேன். இரைச்சல்தான் வரும். ஆளுக்குப் பதில் பெட்டி வருகிறதே என்று எனக்கு உள்ளூர ஒரே எரிச்சல். இப்போது அவர் பார்க்க முடியாத கல்யாணத்தைப் பிடித்து அனுப்ப இன்னொரு பெட்டி.

அதைக் கொண்டுவந்தவர் அப்பச்சியின் தம்பி, என் சித்தப்பா. அவருக்கு அங்கே குடியுரிமைக் காகிதம் கிடைத்திருந்ததால் போக வர முடிந்தது. கல்யாணத்தில் அப்பச்சியின் இடத்தில் நின்று சடங்குகளைச் செய்ய வேண்டியவர் அவர் என்பதால், அவரால் மிஷினைப் பிடிக்க முடியாது. அப்பச்சி ஒரு கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் இரண்டே இரண்டு காட்சிகளைக் கேட்டிருந்தார். ஒன்று திருப்பூட்டு. மற்றொன்று சொல்லிக்கொள்வது. புருஷன் வீட்டுக்குப் புறப்படும் முன் பெண் பெற்றவர்கள் காலில் விழுந்து விடைபெறுவதை நாங்கள் அப்படிச் சொல்வோம். "பிள்ளை மிஷினைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளட்டும், நான் இங்கிருந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை அம்மா வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பாதியில் என்னால் முடியவில்லை, சித்தப்பா வாங்கிப் படித்தார்.

மொத்தம் மூன்று சுருள்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தகர டப்பாவில் இருந்தது. ஒரு சுருளில் ஒரு பக்கம் இரண்டு நிமிஷம் ஓடும். பிறகு இருட்டறைக்குள் போய் மிஷினைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்துவிட்டால் அந்தச் சுருளை மறுபடி தொடக் கூடாது. தொட்டால் பழைய படத்தின் மேல் புதுப் படம் விழும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கல்யாண அவசரத்தில் அட்டைப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு நிற்க முடியாது என்று முந்தின நாளே மூன்றையும் பிரித்து, டப்பாக்களை மட்டும் அறை மாடத்தில் வரிசையாக வைத்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருப்பூட்டு நன்றாகவே விழுந்தது என்று நினைத்தேன். வீட்டு முற்றமான வளவின் நடுவில் வெயில் நேராக இறங்கிய நேரம். வெளிச்சத்துக்காகப் பெண்ணை நாலடி முன்னால் நிறுத்தச் சொல்லிச் சித்தப்பா முன்பே சண்டை போட்டிருந்தார். சுருளின் மறுபக்கத்தில் பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்வதை எடுத்தேன். சுருள் முடிந்தது. அறைக்குள் போய் அதை எடுத்து டப்பாவில் போட்டேன். எழுத பேனா இல்லை. பக்கத்தில் குங்குமச் சிமிழ் இருந்தது. முடிந்த டப்பாவுக்கு அடையாளமாக மூடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விட்டேன். அப்போது சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மூன்று டப்பாக்களிலும் பொட்டு இருந்தது.

முதலில் கண் மயங்குகிறது என்றுதான் நினைத்தேன். மூன்றையும் துடைத்துத் துலக்கி, மாடத்தில் கோலம் போட்டு, முக்கோணமாக அடுக்கியிருந்தார்கள். மூன்று பொட்டும் ஒரே அளவு, ஒரே ஈரம். வெளியே அப்பச்சியின் தங்கை, என் அயித்தை, வெற்றிலைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அயித்தை, மாடத்துல இருந்த டப்பாவுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நாந்தான். நல்ல நாளும் அதுவுமா ரெண்டு டப்பாவை மூளியா போட்டு வச்சிருக்கே. ஒண்ணுக்கு மட்டும் வச்சா எப்படி? பார்க்குறவுக என்ன நினைப்பாக?"

"எதுல முதல்ல பொட்டு இருந்துச்சு, சொல்லுங்க அயித்தை."

"அதெல்லாம் யாரு கண்டா? அதுவும் கலைஞ்சாப்புல இருந்துச்சு. எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா வச்சேன்."

அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் மேல் என்ன தப்பு? எங்கள் வீட்டில் கல்யாணத்தன்று அம்மி, உரல், புது விளக்குமாறு வரைக்கும் பொட்டு இருக்கும். பொட்டில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் அவருக்குக் கை நிற்காது. அதை நன்றாகத் தெரிந்திருந்த நான், பொட்டையே அடையாளமாக வைத்திருக்கிறேன். இப்படி ஒரு மடத்தனத்தை வெள்ளைக்காரன் புத்தகம் முன்கூட்டி யோசித்து எச்சரித்திருக்க முடியாது.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றையும் திறந்து பார்த்தேன். எடுத்த சுருளுக்கும் எடுக்காத சுருளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ. அப்படிப்பட்டவர் யாரும் அன்று கோட்டையூரில் இல்லை. ஒன்றுமே எடுக்காமல் விட்டுவிட்டால் திருப்பூட்டு தப்பிக்கும், ஆனால் மகள் அப்பச்சியிடம் சொல்லிக்கொள்ளாமல் போவாள். எடுத்தால், கை தவறினால், திருப்பூட்டும் போய் இதுவும் போகும். சித்தப்பாவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் சம்பந்தி வீட்டாருடன் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். சொல்லும் தைரியம் வரவில்லை. பொட்டச்சி கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பத்துப் பேர் சொல்வார்கள் என்கிற வீம்பும் இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு "பொண்ணு சொல்லிக்கப் போகுது" என்று குரல் வந்தது. நான் இடது பக்கத்து டப்பாவை எடுத்தேன். ஏன் இடது என்று கேட்டால் பதில் கிடையாது. கை அங்கே போனது. சுருளை மிஷினில் மாட்டினேன்.

வளவில் இன்னொரு தகராறு காத்திருந்தது. ஆச்சி மிஷினைப் பார்த்து விழ வேண்டுமென்றால், மிஷினுக்குப் பின்னால் நிற்கிற என் காலில் விழுகிற மாதிரி ஆகிறது.

"மூத்தவ தங்கச்சி கால்ல விழுகுறதா? எங்குட்டுப் படிச்ச வழக்கம் இது?" என்று ஒரு பெரியவர் எழுந்தார்.

"அண்ணன் எழுதியிருக்காக. அவ தங்கச்சி கால்ல விழுகல, அண்ணன் கால்லதான் விழுகுறா" என்றார் சித்தப்பா. பெரியவர் உட்கார்ந்தார்.

நான் சாவியை முறுக்கினேன். ஆச்சி முன்னால் வந்தாள். கழுத்தில் தாலி கோத்த புதுக் கழுத்துரு, பாரம் தாங்காமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். குனிந்து, விழுந்து, எழுந்து, நேராக என் கண்ணாடிக்குள் பார்த்தாள். "அப்பச்சி, போயிட்டு வாரேன்" என்றாள். அந்த மிஷினுக்குக் காது கிடையாது. அந்தச் சொல் அப்பச்சிக்குப் போகாது என்பது அவளுக்கும் தெரியும், ஆனாலும் சொன்னாள். என் விரல் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று மனம் அடித்துக்கொண்டது.

சித்தப்பா ஒரு வாரத்தில் மூன்று டப்பாக்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் கிளம்பினார். படம் கழுவுவதெல்லாம் அங்கேதான். அப்பச்சிக்கு உண்மையை எழுதி இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடுவேன். "மாப்பிள்ளை எவனும் கடுதாசி போடுறானா?" என்று அயித்தை கேலி செய்தார். வேறு நேரமாக இருந்தால் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. கடிதம் வந்தது. "படம் பார்த்தேன். எல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது. திருப்பூட்டும் பார்த்தேன், பிள்ளை சொல்லிக்கொண்டதும் பார்த்தேன். மனசு நிறைந்தது" என்று எழுதியிருந்தார். கடைசியில் எனக்கென்று ஒரு வரி: "உன் கல்யாணத்துக்கு நீ மிஷின் பிடிக்க வேண்டியதில்லை." விளையாட்டாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அழுகையும் வந்தது. அந்தக் கடிதத்தை ஆச்சி வாங்கிக்கொண்டு போனாள். தன் நகைப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். யார் வந்தாலும், "எங்க அப்பச்சி கண்ணால பார்த்துட்டாக" என்பாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சித்தப்பா விடுப்பில் வந்தார். ஒரு மத்தியானம் காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நான் படத்தைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சித்தப்பா, என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக. ரெண்டு சுருள் வெறுஞ்சுருளு. ஒண்ணுல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கிடந்துச்சு."

அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சுவரில் வேட்டி கட்டி, இரவல் மிஷினில் ஓட்டினார்களாம். மாப்பிள்ளை கை பூட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஆச்சி குனிந்தாளாம். முகம் ஒன்றுகூடத் தெளிவில்லை. அப்பச்சி நாலு முறை ஓட்டச் சொன்னாராம். "இந்தா, இது எம் பிள்ளை முதுகு" என்று ஒரு தடவை எழுந்துபோய் வேட்டியைத் தொட்டாராம். பிறகு தானே வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கடிதம் எழுத உட்கார்ந்தாராம்.

நான் ஆச்சியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கோட்டையூருக்கும் அவள் வாழ்ந்த மானகிரிக்குமாக எத்தனையோ முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் அந்தக் கடிதத்தைப் பற்றியே பேசினாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கல்யாணம் நிச்சயமானது. அப்பச்சி வந்துவிட்டார். கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தே வந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, காது ஓரம் நரைத்து, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். என் திருப்பூட்டின்போது ஓர் எட்டுத் தள்ளி நின்று, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. காலில் விழுந்தேன். எழ முடியவில்லை. ஆச்சிதான் தோளைப் பிடித்துத் தூக்கினாள். எத்தனையோ மாதம் அடைத்துவைத்திருந்தது, இடம் பொருள் பார்க்காமல் வாயில் வந்துவிட்டது.

"அப்பச்சி, அந்தப் படம் கெட்டுப்போனதை எனக்கு ஏன் எழுதல?"

அவர் என் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எழுதி என்ன ஆகப்போகுது ஆத்தா? அது நல்லா விழுந்திருந்தா, ஒங் கல்யாணத்துக்கும் நான் மிஷினைத்தான் அனுப்பியிருப்பேன்."

என் தோளில் இருந்த ஆச்சியின் கை அப்படியே நின்றது.

"எந்தப் படம் அப்பச்சி?" என்று கேட்டாள்.

அப்பச்சி என்னைப் பார்த்தார். அவளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.