பிச்சையாவின் பெருவிரல்

ஆக்சிஜன் பிச்சையாவுக்குப் புதிதல்ல. தாராவிப் பட்டறையில் பதினெட்டு வருஷமாக அதை வைத்துத்தான் இரும்பை வெட்டினார். 1968-இல் ஒரு தகடு விழுந்து அவருடைய வலதுகால் பெருவிரலைக் கிழித்தது. மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பத்து நாள் கெடு வைத்தார்; ஆறாவிட்டால் விரலை எடுத்துவிடுவாராம். புண் ஆறுவதற்காகக் காலைப் பாலிதீன் பைக்குள் நுழைத்து, பையின் வாயைக் கட்டி, உள்ளே ஆக்சிஜன் விட்டார்கள்.

"இரும்ப வெட்டுற கேஸுல்லா இது! விரல் நிக்குமா தாயி?" என்று நர்ஸ் செல்வமேரியிடம் கேட்டார்.

"இங்க நெருப்பு கிடையாது அண்ணாச்சி. பேசாம படுங்க."

நெருப்பு என்றதும் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார். ஆக்சிஜன் பக்கத்தில் பீடியும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. பட்டறைச் சட்டம் அது. அங்கேயானால் தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். இங்கே சிலிண்டரே காலோடு கிடக்கிறது, எங்கே போவது?

பீடி ஏக்கத்தில் அவர் புரள்வதைப் பார்த்து, அடுத்த கட்டில் வெங்கடராமன் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்தார். மாட்டுங்காக்காரர், ஆபீஸ் கிளார்க். இடுப்புப் பிடிப்பு, எழுந்து நிற்கவே முடியாது என்று மூன்று வாரமாக லீவு.

"மூச்ச இழுத்து நேரா அந்த விரலுக்கு அனுப்பும் ஓய்."

"அதுக்கு வழி தெரியுமா சாமி?"

"அனுப்பும்யா!"

பிச்சையா ரெகுலேட்டரைத் திருகுகிற பக்குவத்தோடு மூக்கை மூடித் திறந்தார். மூக்கிலிருந்து கால்விரல் நல்ல தூரமாயிற்றே என்று மூச்சை நெடுநேரம் அடக்கியதில் விழி பிதுங்கிவிட்டது. செல்வமேரி ஓடிவந்து முகத்திலும் ஒரு குழாயை வைத்தாள்.

"இப்போ ரெண்டு பக்கமும் லைன் குடுத்தாச்சு" என்றார் வெங்கடராமன்.

எட்டாம் நாள் மனைவி ஆறுமுகத்தாய் வேப்பெண்ணெய்க் குப்பியோடு வந்தாள். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு பையின் கட்டை அவிழ்க்கப் போனாள்.

"ஏட்டி, எண்ணெய்க் கைய எடு! வார்டே வெடிச்சிரும்!"

நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் வெங்கடராமன்.

பத்தாம் நாள் டாக்டர் பையை அவிழ்த்தார். புண் பாதியாகச் சுருங்கி, ஓரத்தில் புதுச் சதை சிவந்திருந்தது. பிச்சையா அடக்கியிருந்த மூச்சை விட்டார். டாக்டர் சொன்னதைச் செல்வமேரி தமிழில் சொன்னாள்:

"விரல் தப்பிச்சிட்டு. பீடிய விட்டதுதான் பாதி வைத்தியமாம். இனிமே தொட்டா ரத்த ஓட்டம் கொறஞ்சு விரல் போயிருமாம்."

அதன்பிறகு பட்டறையில் பீடி நினைப்பு வந்தால், சிலிண்டரை ஒட்டி உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வார். வீட்டில் என்ன செய்வது? ஆறுமுகத்தாய் ஒரு காலி சிலிண்டரை உருட்டிவந்து கட்டிலடியில் போட்டாள். காலி என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பட்டறைச் சட்டத்தை மீறப் பிச்சையாவுக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.