நார்மலுக்கு என் ரத்தம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று மத்தியானம் அது பாய்ந்தது ஒரு அட்டைப் பெட்டியின் மேல்.

வேங்கிக்கால் பக்கம் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. புது டெஸ்ட் கிட் வந்தால், நோய் இல்லாத ஒருவருடைய ரத்தத்தை வைத்து முதலில் சரிபார்ப்போம். அதற்கு 'நார்மல்' என்று பெயர். அதற்காக வெளியில் ஆள் தேடுவதில்லை, எங்களில் ஒருவர் கையை நீட்டுவோம். எப்போதும் நீட்டுகிறவள் எங்கள் டெக்னீஷியன். காய்ச்சலில் படுத்திருந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். "நீ சும்மா இரு, என்னோடத எடு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்து நின்றாள். "மேடம், நார்மல் பாசிட்டிவ்னு காட்டுது."

"கிட்டு தண்டம். எவன் தலையில கட்டலாம்னு அனுப்பிட்டாங்களோ!" என்று அது வந்த பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். பழைய கிட்டில் போட்டாள். மறுபடியும் குத்தி, புது ரத்தம் எடுத்துப் போட்டாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமலே, "அதேதான் மேடம்" என்றாள்.

வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தடுப்பூசி போட்டார்கள். வைரஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்னால் யாரும் பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான், ஊசி போட்டாச்சு, விட்டது கவலை என்று இருந்துவிடுவோம். உள்ளே குடியிருக்கிற வைரஸை அந்த ஊசி ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் ஊருக்கே வகுப்பெடுத்தவள் நான்! என் பிரசவத்தின்போதும் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் இந்த டெஸ்ட் எடுக்கவில்லை. மகளுக்குத் தடுப்பூசி போட்டோம்தான். ஆனால் பிறந்த அன்றே போட வேண்டியது, தள்ளித்தான் போட்டோம். நான் அவளுக்குக் கொடுத்திருந்தால் அந்த இடைவெளியே போதும்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மகள் பிளஸ் டூ. பள்ளி விட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். ஒரு டெஸ்ட் அட்டையையும் விரலில் குத்தும் ஊசியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அன்று பார்த்தா பௌர்ணமி வரவேண்டும்? எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. வண்டி விடவில்லை. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு நடந்தேன். மலையைச் சுற்றுகிறவர்கள் மொத்தப் பேரும் எனக்கு எதிரே வந்தார்கள். நான் முட்டி மோதிக்கொண்டு போனேன். ஒரு பெரியம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாம்மா, இப்படி எதிர்ல வர்ற? பாவம் வந்து சேரப்போவுது. திரும்பு."

"என் புள்ளையப் பாக்கப் போறேன், விடுங்க!" என்று சீறினேன். அவர் கையை எடுத்துவிட்டு, "போம்மா, போ. ஏ, வழி விடுங்கப்பா" என்று பின்னால் வந்தவர்களை அதட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கு இருக்கிறது, உனக்கும் இருக்கலாம், கையைக் கொடு. அவள் பேனாவை வைத்துவிட்டு விரலை நீட்டினாள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குத்தியிருக்கிறேன், அவள் விரலை மட்டும் குத்தாமல் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நான் வேணா குத்திக்கவா?" என்றாள். "வாயை மூடுடி" என்றேன்.

அட்டையில் ஒரு கோடு வந்தால் இல்லை. இரண்டு வந்தால் இருக்கிறது. முதல் கோடு வந்துவிட்டது. அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அது. இரண்டாவது வரவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கூட்டம் அரோகரா என்றது. அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளையில் லேசாக ஏதோ தெரிவது போல இருக்க, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஈரம்தான். குறித்த நேரம் முடிந்தும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

வரவில்லை.

"இல்லடி, உனக்கு இல்ல" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். உறுதிப்படுத்த லேபில் இன்னொரு டெஸ்ட் உண்டு, இருக்கட்டும். அவளும் அழுதாள். கொஞ்சம் அழ விட்டுவிட்டு என் முகத்தைத் துடைத்தாள்.

"சரிம்மா, எனக்கு இல்ல. உன் லிவர் எப்படி இருக்கு?"

மத்தியானத்திலிருந்து அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"தெரியலடி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்காகப் பயம் வந்தது.