ஆரியா என்று சொன்னது யார்

போன் அடித்தால் எடுக்காதவன் என்று சொந்தக்காரர்களிடம் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. திமிர் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போனேன், எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் போகும் குழாய்க்குப் பெயின்ட் அடித்தேன். எங்கேயும் நிலைத்து உட்கார்ந்ததில்லை. பலம் போனால் சோறு தின்று தூங்கினால் வந்துவிடும். கவனம் அப்படி வருவதில்லை. காலையில் கொண்டுபோவது மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். அந்தப் பாதியிலும் கேட்காமல் கை வைக்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

இது திருவொற்றியூரில் ஒரு இரும்பு யார்டில் தெரிந்துகொண்டது. அங்கே எனக்கு சிக்னல் சொல்லும் வேலை. டிரைலரில் வரும் தகடுக் கட்டுகளை கிரேன் தூக்கி அடுக்கும். கட்டு கொக்கியில் தொங்கும்போது ஆபரேட்டருக்கு அதன் கீழே இருப்பது தெரியாது. கீழே ஒருவர் குனிந்து, கட்டு உட்கார வேண்டிய இடத்தில் மரக்கட்டைகளைத் தள்ளி வைத்துக்கொண்டிருப்பார். அவர் கையை எடுத்துவிட்டாரா என்று பார்த்து, நான் குரல் கொடுக்க வேண்டும். இறக்கு என்பதற்கு எங்கள் பக்கத்தில் ‘ஆரியா’ என்பார்கள். துறைமுகத்துச் சொல். எந்த நாட்டிலிருந்து வந்ததோ தெரியாது. அதைக் கேட்டால் ஆபரேட்டர் யோசிக்க மாட்டார். கை தானாக லீவரை இறக்கும். அப்படித்தான் பழகியிருக்கிறார்கள்.

கட்டை வைப்பவர் எண்ணூர்க் குப்பத்து மனிதர். முகத்துவாரத்தில் மீன் அற்றுப்போன பிறகு யார்டுக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் இருவரும் மாமு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“மாமு, நீ எத்த வேணா பாரு. ஆனா கட்டு தொங்கசொல்ல என் கைய மட்டும் பாரு. ரெண்டு கைதான் கீது. ஸ்பேர் கெடையாது.”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர். இரண்டு யார்டுகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த யார்டில் இருக்கும்போது அந்த யார்டுக்குப் போன் பேசுவார், அங்கே இருக்கும்போது இங்கே. ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டு இறங்கும்போதும் படம் எடுத்துப் போட வேண்டும் என்றார். போன் அடித்தால் உடனே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுபடி அடிக்கும். அதற்கு நடுவில் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல், பிளாட் வேண்டுமா என்று ஒரு ஆண் குரல். யாருக்கும் தெரியாது, இங்கே ஒரு மனிதர் கட்டுக்குக் கீழே கையை நீட்டியிருக்கிறார் என்று. தெரிந்தாலும் அடிப்பார்கள்.

“தூக்கசொல்ல போன் வேணாம் சார்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“ஏன்ல, போன எடுத்தா கொறஞ்சா போவ? காதுக்குத்தான போனு, கண்ணு சும்மாதான இருக்கு” என்றார்.

கண்ணும் காதும் தனித்தனிக் கடை என்று நினைப்பவரிடம் என்ன பேசுவது.

அன்று கட்டு இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமு கீழே குனிந்து இரண்டாவது கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். பக்கத்தில் டிரைலர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன், கண்ணை மாமுவின் கையிலேயே வைத்திருந்தேன். “படம் எங்கலே?” என்றார் சூப்பர்வைசர். அவர் அப்போது அந்த இன்னொரு யார்டில் இருந்தார். பேச்சின் நடுவே, அங்கே இருந்த கிரேனைப் பார்த்து அவரே கத்தினார்.

“ஆரியா! ஆரியா!”

என் கையிலிருந்த போன் கத்தியது. எங்கள் ஆபரேட்டர் இறக்கினார்.

நான் கத்துவதற்குள் மாமு பின்னால் மல்லாந்து விழுந்துவிட்டார். கை வெளியே வந்துவிட்டது. கையுறை உள்ளே மாட்டிக்கொண்டது. கட்டைத் திரும்பத் தூக்கியபோது அது அப்பளம் மாதிரி இருந்தது.

ஆபரேட்டர் கீழே குதித்து வந்து என் சட்டையைப் பிடித்தார். “யார்ரா ஆரியா சொன்னது?”

“போனு” என்றேன்.

“போனு சொல்லுதா? பேமானி, நாளைக்கு போனு பொண்ணு கேக்கும், குடுப்பியா?”

மாமு மணலில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா மாமு, பேஜாரு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு நிர்வாகம் செய்த பரிகாரம், ஒரு வகுப்பு. ஏசி போட்ட அறையில் எங்களை உட்காரவைத்து, பாதாம் பால் கொடுத்து, ஒருவர் பேசினார். கவனம் ஒரு குடம் தண்ணீர், காலையில் நிரம்பியிருக்கும், யாருக்கு ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. குடத்துக்குச் சொந்தக்காரனுக்கே புத்தி சொன்னார். மொண்டுகொண்டு போகிற சூப்பர்வைசர் பின்வரிசையில் நின்று, “எல்லாரும் இப்படிப் பாருங்க” என்று குரூப்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சாளரும் பேச்சை நிறுத்தி, தலைமுடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார்.

மறுநாளிலிருந்து போனை அணைத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். நான்கைந்து நாள் ஓடியது. பிறகு சூப்பர்வைசர் நேரிலேயே வந்துவிட்டார். கட்டு தொங்குகிறது, மாமு கீழே இருக்கிறார், இவர் என் தோளருகே நின்று பேச ஆரம்பித்தார். படம் ஏன் வரவில்லை, போன் ஏன் போகவில்லை, நீ என்ன கலெக்டரா.

நான் திரும்பவில்லை. கையை உயர்த்தி முஷ்டியை மூடினேன். எதுவும் அசையக்கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆபரேட்டர் நிறுத்தினார். மாமு கட்டைகளை விட்டுவிட்டு வெளியே வந்து, டிரைலர் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கட்டு காற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எறக்குல!” என்றார் சூப்பர்வைசர்.

“நீங்க பேசி முடிங்க சார். அப்பால எறக்கறேன்.”

அவர் பேசப் பேச நான் முஷ்டியை இறக்கவில்லை. பின்னால் நின்ற டிரைலர்கள் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, “இன்னா நைனா, கொடியேத்தமா? முட்டாயி எப்ப தருவீங்க?” என்று கேட்டார். ஆபரேட்டர் மேலே சிரித்தது கேட்டது. சூப்பர்வைசர் முகம் கறுத்து, பேச்சை நிறுத்திவிட்டுப் போனார். என் கை மரத்துப் போயிருந்தது. மாமு திரும்பி வந்து மரக்கட்டை வைத்தார், கையை எடுத்தார், நான் குரல் கொடுத்தேன், கட்டு உட்கார்ந்தது. சாயங்காலம் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுத்தேன். கெஞ்சவில்லை. இதற்கு முன் விட்ட வேலைகளை எல்லாம் கால் அரிப்பில் விட்டிருக்கிறேன். இது ஒன்றுதான் காரணத்தோடு போனது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, எம்.கே.பி. நகரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது மாமு போன் செய்தார். அவருடையது என்பதால் எடுத்தேன். எடுத்ததும் திட்டினார்.

“இன்னா மாமு, ரோஷமா? உன் ரோஷத்த நீ எடுத்துகினு பூட்ட. கீழ நிக்கறது யாரு? நாந்தான நிக்கறேன்? புச்சா ஒருத்தன் வந்துகீறான். கய்த்துல போனு, காதுல வயரு. என் கைய எங்க பாக்கறான் அவன்?”

“நீயும் வுட்டுட்டு வாயேன் மாமு.”

“வந்து? வூட்ல மூணு பேரு கீது. உன்ன மாரி ரோடு ரோடா சுத்தறதுக்கு நான் இன்னா மாடா?”

என் கவனத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். அது அவருடைய கைகளுக்காக இருந்த கவனம். டீக்கடையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“அவன் போன் அடிச்சா கட்டைய வுட்டுட்டு ஓடிடு” என்றேன். “யோசிக்காத. ஓடு.”

“ஓடுனா...” என்று ஆரம்பித்தார். பின்னால் கிரேன் இன்ஜின் உறுமியது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “இரு மாமு, கட்டு வருது. நீ சொல்லு, கேட்டுகினு கீறேன்” என்றார்.

மரக்கட்டை மணலில் உரசும் சத்தம் கேட்டது. அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குனிகிறார் என்று புரிந்தது.

“சொல்லு மாமு” என்றார்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை அணைத்தேன்.